திட்டம் முடிந்த பிறகு பேஸ்லைன் எடுக்க முடியாது

ஜனவரி பிறந்துவிட்டால் திட்ட மதிப்பீடு செய்யும் எங்களுக்கு ஒரே மாதிரி அழைப்புகள்தான். "சார், மூணு வருஷமா ப்ராஜெக்ட் நல்லா போச்சு. கம்பெனியில இம்பேக்ட் ரிப்போர்ட் கேக்குறாங்க. மார்ச் 31-க்குள்ள வேணும்." பேஸ்லைன், அதாவது திட்டம் தொடங்கும் முன் பயனாளிகளின் நிலையை அளந்த அளவீடு, எடுத்தீர்களா என்று கேட்டால், போட்டோ இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது என்கிறார்கள். இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. அரசுத் துறை டெண்டர்களிலும் பல நேரம் இதே நிலைதான்.

குழப்பத்துக்குச் சட்டத்தைப் பாதி படித்ததும் ஒரு காரணம். 2021 ஜனவரியில் திருத்திய சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) விதிகளின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவான திட்டங்களுக்குத் தனி அமைப்பு ஒன்றைக் கொண்டு தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன மாறியது என்ற ஆய்வு, செய்ய வேண்டும். திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இந்த 'ஓராண்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதுவரை ஆலோசகருக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வரம்பு கடைசி ஆய்வுக்கு மட்டும்தான். தொடக்க நிலையை அளக்காதே என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் 60 பெண்களுக்குத் தையல் பயிற்சி. சேரும்போது சராசரி மாத வருமானம் 6,000 ரூபாய், முடிந்த பிறகு 9,000. உடனே அறிக்கையில், 'எங்கள் பயிற்சியால் வருமானம் 50 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத பக்கத்து பிளாக் பெண்களின் வருமானமும் அதே காலத்தில் 6,200-லிருந்து 8,100 ஆகியிருக்கலாம். கூலி ஏறியிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதால் வீட்டுவேலைக்குப் போக நேரம் கிடைத்திருக்கும். பயிற்சி இல்லாமலேயே 1,900 ரூபாய் கூடியிருக்கிறது. உங்கள் பயிற்சியின் பங்கு 3,000 கழித்தல் 1,900, அதாவது 1,100 ரூபாய். தையல் மெஷினுக்கும் பயிற்றுநருக்கும் செய்த செலவை இந்த 1,100-உடன்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு குழுவையும் தொடக்கத்திலேயே அளந்திருந்தால்தான் இந்தக் கழித்தலைப் போடவே முடியும்.

மாதமும் முக்கியம். ஜூனில் பேஸ்லைன், அக்டோபரில் எண்ட்லைன் (திட்டம் முடிந்தபின் எடுக்கும் அளவீடு) என்றால் தீபாவளி ஆர்டரையும் சேர்த்து உங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வீர்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, பிளவுஸ் ஆர்டரும் குறையும். தையில் மறுபடி ஏறும். இரண்டு தடவையும் ஒரே மாதத்தில் போங்கள்.

இதைப் புத்தகப் படிப்பு என்று ஒதுக்குபவர்களுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றலைப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் பாடம் சொல்லித்தரும் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் பங்கு 24 சதவீதம் என்று கணித்தார்கள். முன்-பின் கணக்கு மட்டும் போட்டிருந்தால் மொத்த மீட்சியும் திட்டத்தின் தலையில் ஏறியிருக்கும். 24 சதவீதம் என்பது சிறிய சாதனையே இல்லை. நிதித் துறையிடம் தயங்காமல் கொண்டுபோய் வைக்கக்கூடிய எண் அது. பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-ல், எடுத்த அளவீடு கையில் இருந்ததால்தான் இழப்பு எவ்வளவு என்றே சொல்ல முடிந்தது.

திட்டத்தில் சேராதவர்களையும் அளக்கும் ஒப்பீட்டுக் குழு என்றாலே, "ஏழைகளுக்கு உதவியை மறுக்கச் சொல்கிறீர்களா?" என்று கோபப்படுகிறார்கள். யாருக்கும் மறுக்க வேண்டாம். 60 இடத்துக்கு 120 பேர் விண்ணப்பித்தால் 60 பேர் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். தெரிந்தவர், முதலில் வந்தவர் என்று பார்க்காமல் எல்லார் முன்னிலையிலும் குலுக்கல் போடுங்கள். மீதிப் பேரை அடுத்த பேட்ச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 120 பேரையும் அளந்துவிடுங்கள்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். "மாச வருமானம் எவ்வளவும்மா?" என்று கேட்டால் வாய்க்கு வந்த ஒரு முழு எண்தான் பதிலாக வரும். கடந்த ஏழு நாளில் எத்தனை பிளவுஸ் தைத்தீர்கள், ஒன்றுக்கு எவ்வளவு கூலி, நூல், ஊக்கு, லைனிங் யார் செலவு, எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். பகல் பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். திட்டத்தால் உண்மையில் பலன் அடைந்தவர்களே விடுபட்டுப் போவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை.

"பத்து சதவீதம் சாம்பிள் போதும்" என்ற வரி எந்த டெண்டரில்தான் இல்லை! 95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் பிழை வரம்பில் ஒரு விகிதத்தைக் கணிக்க, 2,000 பேருக்கு சுமார் 322 பேர் தேவை. 20,000 பேருக்கு 377, இரண்டு லட்சம் பேருக்கு 384. பத்து சதவீதம் என்றால் முதல் இடத்தில் போதாது, கடைசி இடத்தில் பணம் வீண். ஒரு பிளாக்கில் 20 வீடு என்று கொத்தாக எடுத்தால் ஒரே பிளாக்கில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.05 என்றாலே 384 என்பது ஏறக்குறைய 750 ஆகிவிடும்.

750 பேட்டி என்றால் என்ன வேலை என்று பாருங்கள். ஒரு பேட்டிக்கு 45 நிமிடம், அலைச்சலையும் சேர்த்து ஒருவர் நாளைக்கு ஐந்து முடிக்கலாம். பத்துப் பேர் இறங்கினால் 15 நாள். அதற்கு முன் மூன்று நாள் பயிற்சி, ஒரு நாள் முன்னோட்டம். பிறகு 75 வீடுகளுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய்ச் சரிபார்க்க வேண்டும். டேட்டாவைச் சுத்தம் செய்ய இரண்டு வாரம், அறிக்கைக்கு மூன்று வாரம். எட்டு வாரத்துக்குக் குறையாது. மூன்று வாரத்தில் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று எல்-1 ஆக, அதாவது டெண்டரில் மிகக் குறைந்த விலை சொல்லி, வருபவர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பப் போகிறார். விலையை மட்டும் பார்க்காமல் தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்கும் எடை கொடுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது மூல டேட்டாவும் கணக்கிட்ட கோப்புகளும் உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கட்டணத்தைத் தொடக்க அறிக்கை, களப்பணி, வரைவு, இறுதி அறிக்கை என நான்கு தவணையாகப் பிரியுங்கள். முடிவு சாதகமாக வந்தால்தான் கடைசித் தவணை என்று யாரிடமும் சொல்லாதீர்கள், ஜாடையாகக்கூட. பயனாளிகளின் ஆதார் எண் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆய்வுக்கு அது தேவையும் இல்லை.

திட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா? பழைய விண்ணப்பப் படிவங்களைத் தேடி எடுங்கள். அதில் வருமானமும் தொழிலும் எழுதியிருந்தால், இடம் கிடைக்காதவர்களின் படிவமும் பத்திரமாக இருந்தால், ஓரளவு செய்யலாம். அதுவும் இல்லையென்றால் அட்டையில் 'தாக்க மதிப்பீடு' என்று போட வேண்டாம், 'பயனாளிகள் கருத்தாய்வு' என்று போடுங்கள். அடுத்த பேட்ச் ஜூனில் என்றால் ஏப்ரலிலேயே கூப்பிடுங்கள். விண்ணப்பப் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால்.