கட்டியை எத்தனை மணிக்குப் போத்தலில் போட்டார்கள்?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவரின் மார்புக் கட்டி, போயா விடுமுறையெல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. சின்னப் போத்தலுக்குள் முழுக் கட்டியையும் திணித்து, மேலே திசுவைக் கெடாமல் காக்கும் போமலின் திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றியிருந்தார்கள். வெட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும் இறுகியிருக்கிறது, நடுவில் குழைந்துபோய்விட்டது.

புற்றுநோய் என்று அதிலும் சொல்ல முடிந்தது. ஆனால் என்ன மருந்து என்று முடிவெடுக்க அது போதாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஹோர்மோன்களைப் பிடிக்கும் ஈஆர், பீஆர் என்ற ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றனவா, ஹெர்2 புரதம் கூடியிருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். சாயமிட்டுப் பார்க்கும்போது ஈஆர் இருந்தால் புற்றுக் கலங்களின் கரு கபில நிறமாகத் தெரியும். நூற்றுக்கு 1 கலம் நிறம் பிடித்தாலே பொசிட்டிவ், தமொக்சிஃபன் போன்ற மாத்திரை உதவக்கூடும்.

அக்காவின் தகட்டில் ஒரு கருவிலும் நிறமில்லை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் பக்கத்திலிருந்த நல்ல பால்குழாய்களிலும் நிறமில்லை, அங்கே சில கலங்களாவது நிறம் பிடித்தே ஆக வேண்டும். அதாவது அந்தப் புரதம் அக்காவின் கட்டியில் இருந்து, வரும் வழியில் கெட்டிருக்கலாம். அக்குளில் புற்று பரவிய நெறிக்கட்டி இருந்ததால் அதிலிருந்து ஊசியால் மறுபடி எடுக்கச் சொன்னோம். அதற்காக அவருக்கு இன்னொரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. இந்த முறை ஈஆர் நன்றாகவே பொசிட்டிவ்.

பட்டப்பின் மாணவர்கள் மரபணுப் பரிசோதனை, புதிய உயிர்க்குறிகள் என்று ஆர்வமாக வருகிறார்கள், சந்தோஷம்தான். நான் முதலில் படிக்கச் சொல்வது கட்டியோடு வரும் படிவத்தில் உள்ள நேரத்தை. எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் போட வேண்டும், திசுவைப் போல பத்து மடங்கு திரவம் வேண்டும், பெரிய கட்டியென்றால் கீறி விட வேண்டும், 6 மணித்தியாலத்துக்குக் குறையாமல் 72ஐத் தாண்டாமல் ஊற வேண்டும். இது பிழைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் பொய்தான் சொல்லும், அந்தப் பொய் எங்கள் ஆராய்ச்சியிலும் மலையகப் பெண்களின் நோய் இப்படித்தான் என்று ஏறிவிடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்தால், சோதனைக்கு அனுப்பினீர்களா டொக்டர் என்று தயங்காமல் கேளுங்கள். மார்பகமென்றால் ஈஆர், பீஆர், ஹெர்2 மூன்றும் வந்ததா என்றும் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து மழையில் நனையாமல் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் மெழுகில் பதித்த திசுவையும் கேட்டுப் பாருங்கள், அது பல வருடம் நிற்கும்.