பச்சை விறகு ஏன் புகைகிறது?

சரியாகக் காயாத கட்டையின் ஒரு முனையில் தீப்பிடித்ததும், அதன் மறுமுனையில் வெட்டுவாய் நனைந்து கருத்து, சிறு சிறு குமிழ்களாக நுரை தள்ளுவதையும் ‘உஸ்’ என்ற சத்தத்துடன் ஆவி சீறுவதையும் விறகடுப்பு மூட்டியவர்கள் கண்டிருப்பார்கள். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய நுண்குழாய்கள் கட்டையின் நீளவாக்கில் அப்படியே இருக்கின்றன. தீயின் பக்கம் கொதித்து உண்டாகும் ஆவி, அந்தக் குழாய்களில் எஞ்சியிருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டு மறுவாய் வழியே வெளியேறுகிறது. நல்ல விறகுக்கும் மோசமான விறகுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு மரத்தின் இனத்தில் இல்லை. இந்த நீரில்தான் இருக்கிறது.

தீயில் இட்ட கட்டை உடனே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாக வேண்டும். அதன் பிறகு வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது, மரத்தின் கட்டுமானப் பொருள்களான செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவை சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களையும் தார் ஆவியையும் வெளிவிடத் தொடங்குகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு ஆவியாகவும் வாயுவாகவும் போய்விடும். மீதி கரியாக நின்று தணலாகக் கனலும். சுவாலை கட்டையிலிருந்தே எழுவதுபோல் தோன்றினாலும், வெளிவந்த வாயு காற்றோடு கலந்து கட்டைக்குச் சற்று மேலே எரிவதையே நாம் காண்கிறோம். விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்தச் சுவாலையிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் வாயுக்களும் தாரும் முழுமையாக எரிய வேண்டுமானால், போதிய காற்று இருப்பதோடு, தீயறை சுமார் 600 டிகிரி வரை சூடேறியிருக்கவும் வேண்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் அவை புகையாக மேலேறிவிடுகின்றன.

புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் பாதி நீராக இருப்பது சாதாரணம். அத்தகைய 1 கிலோ விறகில் உள்ள 500 கிராம் மரப்பொருள் முழுமையாக எரிந்தால் சுமார் 9 மெகாஜூல் வெப்பம் தரும். அதனுடன் இருக்கும் 500 கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆவியாக்க ஏறத்தாழ 1.3 மெகாஜூல் செலவாகும். ஏழில் ஒரு பங்குதான். இழப்பு இவ்வளவே என்றால் பச்சை விறகைப் பொறுத்துக்கொள்ளக்கூட முடியும். உண்மையான சேதம் வேறிடத்தில் நிகழ்கிறது. நீர் ஆவியாகி முடியும் வரை கட்டையின் ஈரமான பகுதி 100 டிகிரியைத் தாண்டி அதிகம் சூடேறாது. கிளம்பும் ஆவியோ தீயறையின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. இதனால், ஏற்கெனவே சூடேறிய பகுதியிலிருந்து வரும் வாயுவும் எரியாமல் நழுவுகிறது. நீருக்காகச் செலவிட்டது போதாதென்று, கைக்கு வந்திருக்க வேண்டிய வெப்பத்தையும் புகையாகக் கோட்டைவிடுகிறோம்.

அந்தப் புகை சும்மா போவதும் இல்லை. புகைபோக்கியின் உட்சுவர் குளிர்ந்திருந்தால், தார் ஆவியும் நீராவியும் அதில் படிந்து, முதலில் பிசுபிசுப்பாகவும் பிறகு கெட்டியான கரும்பூச்சாகவும் இறுகுகின்றன. இது நல்ல எரிபொருள். ஒருமுறை பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பநிலை 1000 டிகிரியைக்கூடத் தாண்டக்கூடும். நன்றாகக் காய்ந்த விறகை இட்டுவிட்டு, நெடுநேரம் கனலட்டும் என்று காற்று வழியை இறுக மூடிவைப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். விறகின் தரத்தைக் காற்றுப் பஞ்சம் கெடுத்துவிடும்.

எந்த மரம் சிறந்தது என்ற கேள்விக்கு, எடைக் கணக்கில் பார்த்தால், வியப்பான விடை கிடைக்கிறது: கிட்டத்தட்ட எல்லா மரமும் ஒன்றுதான். முற்றிலும் உலர்ந்த 1 கிலோ மரம், இனம் எதுவானாலும், சுமார் 18 முதல் 20 மெகாஜூல் வரை தருகிறது. செல்சுவரின் பொருள் எல்லா மரங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. அதன் அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்கு. சவுக்கு கனமாகவும் இலவம் லேசாகவும் இருப்பதற்குக் காரணம், இலவத்தின் செல்களுக்குள் வெற்றிடம் மிகுதி என்பதே. ஆகவே அளவுக் கணக்கில் வேறுபாடு பெரிது: ஒரே பருமனுள்ள சவுக்குக் கட்டை, இலவங்கட்டையைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ வெப்பம் தரும், தணலும் நின்று கனலும். லேசான மரம் சட்டென்று பற்றி விரைவில் எரிந்து முடிவதால், தீ மூட்டுவதற்கு அதுவே ஏற்றது. பிசின் நிறைந்த ஊசியிலை மரங்களை அடுப்பில் வைக்கக் கூடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. நன்கு உலர்ந்து, சூடான தீயில் எரிந்தால், அந்தப் பிசினும் எரிபொருளே. ஈரமான வைரக்கட்டையைவிடக் காய்ந்த பைன் கட்டை எவ்வளவோ மேல்.

உலர்வது இரண்டு கட்டங்களில் நடக்கிறது. செல்களின் உள்வெளியில் தேங்கிய நீர் முதலில் எளிதாக வெளியேறும். ஈரம், உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறைந்ததும் அந்த நீர் தீர்ந்து, செல்சுவரோடு பிணைந்த நீர் மட்டுமே எஞ்சும். அது மெதுவாகத்தான் போகும். போகப் போக மரம் சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கிலான சுருக்கம் ஆரத்தின் போக்கிலான சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால்தான் காய்ந்த கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்புகள் விழுகின்றன.

நீர் நார்வாக்கில் செல்லும் வேகம், குறுக்குவாக்கில் செல்வதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். எனவே நீண்ட மரத்தைக் குட்டையாக அறுத்தாலே பாதி வேலை முடிந்தது. பட்டை நீரை வெளியே விடாத உறை. அதைத் திறக்கப் பிளக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை நான்காகப் பிளந்தால், பட்டை மூடியிருந்த 63 சென்டிமீட்டர் சுற்றளவுடன், காற்றுப்படும் புதிய முகங்களாக 80 சென்டிமீட்டர் சேர்கிறது. பெரும்பாலான மரங்களைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பது எளிது. கணு உள்ள பக்கத்தைத் தவிர்த்து, முகத்தில் ஏற்கெனவே விழுந்த வெடிப்பின் வழியாகக் கோடரியை இறக்கினால் கட்டை தானாகவே வாய் திறக்கும்.

அடுக்கும்போது தரையிலிருந்து உயர்த்தி, வெட்டுவாய்கள் காற்று வரும் திசையைப் பார்க்கும்படி வைத்து, மேற்புறத்தை மட்டும் மூட வேண்டும். நாற்புறமும் தார்ப்பாய் சுற்றினால், வெளியேறிய ஈரம் உள்ளேயே நின்றுவிடும். எவ்வளவு காலம் வைத்தாலும் விறகு காற்றைவிட உலர்ந்துவிடாது: காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம், உலர் எடையில் சுமார் 12 சதவீத ஈரத்தில் நின்றுவிடும்; 90 சதவீதமாக இருந்தால் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அடுப்புக்கு 20 சதவீதத்துக்குக் கீழ் தேவை என்பதால், மழைக்காலத்தில் வெட்டி மழைக்காலத்திலேயே எரிக்க முடியாது. பிளந்த லேசான மரத்துக்குச் சில மாதங்கள் போதும். குளிர்ந்த நாடுகளில் ஓக் போன்ற கன மரத்துக்கு இரண்டு ஆண்டுகள்கூடப் பிடிக்கும்.

இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பது காய்ந்ததற்கு ஓர் அடையாளம். ஆனால் அது தோராயமானதே. ஈரமானியைப் பயன்படுத்துவோர், கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புற முகத்தின் நடுவில் ஊசிகளை அழுத்த வேண்டும். வெளிமுகம் எப்போதும் நல்ல பிள்ளையாகவே நடிக்கும். அந்தக் கருவி ஈரத்தை உலர் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வதால், பாதி நீரான பச்சைக் கட்டையின் ஈரம் அந்தக் கணக்கில் 100 சதவீதம் ஆகிறது. மொத்த எடைக் கணக்கும் உலர் எடைக் கணக்கும் குழம்புவதாலேயே பல சண்டைகள் வருகின்றன.

உளுத்த கட்டையில் பூஞ்சை ஏற்கெனவே மரப்பொருளைத் தின்றிருக்கும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கடலில் ஊறி ஒதுங்கிய கட்டை ஆகியவை நச்சையோ அரிப்பையோ தரும் என்பதால் அடுப்புப் பக்கமே வரக் கூடாது.

மிகவும் காய்ந்த சுள்ளிகளை அடுப்பு நிறையத் திணித்தாலும் புகை வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வாயுவை வெளிவிட, உள்ளே வரும் காற்று அதற்கு ஈடுகொடுக்காது. தனிக்கட்டையும் சரிவராது, அது தன் வெப்பத்தை எல்லாப் பக்கமும் இழந்து அணைந்துவிடும். உயிருள்ள தணலின்மேல், முன்கை பருமனில் இரண்டு மூன்று கட்டைகளைப் பிளந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி விரலிடைவெளி விட்டு வைத்து, சுவாலை நன்றாகப் பிடிக்கும் வரை காற்று வழியை முழுதாகத் திறந்துவிட்டால், ஒன்றின் வெப்பம் மற்றதைச் சூடாக்கி, இடையில் எழும் வாயு அங்கேயே எரிந்து தீரும்.