கூரையில் கரையும் நாகம், குழாயில் கரையாத நாகம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமொன்றின் பழைய கூரைத் தகரத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். இரும்பின் மேல் பூசிய நாகம் என்ற உலோகம் மழையிலும் பனிமூட்டத்திலும் ஒட்சியேறி உதிர்வதுதான் அது. இரும்புக்கு முந்தித் தன் இலத்திரன்களை, அதாவது அணுவிலுள்ள எதிர்மின் துகள்களை, இழப்பது நாகம். அது தீர்ந்த இடத்தில் செந்துரு தொடங்கும், அடுத்த மாரியில் வீடு ஒழுகும்.

மருந்துக்கடையில் ‘சிங்க்’ என்று கேட்டு வாங்குவதும் இதே நாகம்தான். உடம்பிலும் அது இப்படித் தேய்ந்துதான் நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உடம்பில் அது இலத்திரனைக் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. அங்கே அதன் வேலைகளில் ஒன்று பிடித்து நிறுத்துவது.

இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரேயோர் அடுக்கு உயிர்க்கலங்கள் மூடியிருக்கின்றன. அவற்றிலுள்ள ஒரு நொதியம் (வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதம்) நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை உண்டாக்குகிறது. இந்த வாயு குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண்ணின் கால்களுக்குக் கூடுதல் இரத்தம் பாய இதுவும் ஒரு காரணம். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நொதியம் இரண்டு பாதிகளாலானது. இரண்டும் சேருமிடத்தில் ஒரு நாக அயன், அதாவது மின்னேற்றம் பெற்ற நாக அணு. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு கந்தக அணுக்கள் அதைப் பிடித்திருக்கின்றன. கூரை முகட்டில் கைமரங்கள் கூடுமிடத்தில் அடித்த ஆணி என்று சொல்லலாம்.

புகைத்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றால் சுப்பரொட்சைட்டு பெருகுகிறது. ஓர் இலத்திரனை மிகையாகச் சுமக்கும் ஒட்சிசன் அது. நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்டதும் அதனுடன் சேர்ந்து, இன்னும் கொடிய பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் ஆணியையே பிடுங்குகிறது. பாதிகள் பிரிகின்றன. அதன்பின் குழாயை விரிக்க வேண்டிய நொதியமே சுப்பரொட்சைட்டை உண்டாக்கத் தொடங்குகிறது. எனக்கு இதில் மிகவும் அச்சமூட்டுவது இந்தத் திருப்பம்தான்.

சுப்பரொட்சைட்டை அடக்கவும் ஒரு நொதியம் உண்டு. அதன் வேலை 1969இல் தெரியவந்தது. அதில் இலத்திரனைக் கையாள்வது செம்பு, வடிவம் குலையாமல் காப்பது நாகம்.

வளர்ந்தவர் உடம்பில் நாகம் 2 முதல் 3 கிராம். பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருப்பதால், அவசரத்துக்கு எடுக்கத்தக்க சேமிப்பு இல்லை. அன்றாடம் உணவில் வந்தாக வேண்டும். காலையிலும் இரவிலும் ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் அது போதாது. வெள்ளை மாவில் தவிட்டோடு நாகமும் போய்விடுகிறது. தவிடு நீக்காத தானியத்திலும் பருப்பிலும் நாகம் இருந்தாலும், அவற்றிலுள்ள பைற்றிக் அமிலம் அதைக் குடலில் விடாமல் பற்றிக்கொள்கிறது. கடலையை இரவே ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். நெத்தலிக் கருவாடும் முட்டையும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் போனால், குடல் செம்பை உள்ளே விடுவது குறையும். செம்பில்லாமல் சுப்பரொட்சைட்டை அடக்கும் அந்தக் காவல் நொதியம் வேலை செய்யாது.