வாசற்காவலரின் அட்டையும் அது தராத அதிகாரமும்

லண்டனின் மதுச்சாலைகளிலும் இரவு விடுதிகளிலும் பதினைந்து வருடங்களுக்கு மேல் வாசலில் நின்றுவிட்டு, இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் அதே வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் எங்கள் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ படிக்க வந்தவர்கள், அல்லது பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மேலதிகமாக உழைக்க நினைப்பவர்கள். தேநீர் இடைவேளையில் அவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணை, உடம்பு கொஞ்சம் இருந்தாப் போதும்தானே?" என்று கேட்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தின் மது விற்பனைச் சட்டம் வேறு.

முதலில் ஒரு நடைமுறை உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் மதுச்சாலை வாசலில் நிற்கும் எண்ணத்தோடு இந்தப் பயிற்சிக்கு வருவதில்லை. சாதாரண காவற்பணிக்கான லைசன்ஸை வைத்துக்கொண்டு மதுச்சாலை வாசலில் நிற்க முடியாது. ஆனால் வாசற்காவலருக்கான டோர் சூப்பர்வைசர் லைசன்ஸ் இருந்தால் சூப்பர்மார்க்கெட்டிலும் நிற்கலாம், கட்டட வேலைத்தளத்திலும் நிற்கலாம், அலுவலக வரவேற்பிலும் இருக்கலாம். ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதையே எடுக்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் கம்பனியிலிருந்து அழைப்பு வருகிறது: ஓரிடத்தில் ஆள் வரவில்லை, இன்றிரவு ஒரு கிளப்புக்குப் போக முடியுமா என்று. வகுப்பில் கேட்ட எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஒருவர், கறுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானூறு பேர் குடித்துக்கொண்டிருக்கும் ஓர் இடத்தின் வாசலில் போய் நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

2001 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழிற்துறைச் சட்டம் வருவதற்கு முன்பு இந்த வேலையை நாடு முழுவதற்கும் பொதுவான முறையில் ஒழுங்குபடுத்த எவரும் இருக்கவில்லை. சில நகரசபைகள் தாமாகவே பதிவு முறைகளை வைத்திருந்தன. பல இடங்களில் யாருக்குக் கை நீளமோ அவருக்கே வாசல் என்ற நிலை இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் உருவான எஸ்.ஐ.ஏ. (பாதுகாப்புத் தொழிற்துறை அதிகாரசபை) என்ற அமைப்புத்தான் இப்போது லைசன்ஸ் தருகிறது. குற்றப் பின்னணி, அடையாளம், இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை, பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு, பதினாறு இலக்க எண்ணுடன் மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும் ஓர் அட்டை வருகிறது. வேலை நேரம் முழுவதும் அந்த அட்டை பிறர் கண்ணில் படும்படி அணிந்திருக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் வாசலில் நிற்பது ஆறு மாதங்கள் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். அப்படி ஒருவரை வேலைக்கு அனுப்புவதும் குற்றமே.

இனி அந்த அட்டையை அணிந்தவருக்கு என்ன அதிகாரம் கிடைக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எதுவும் இல்லை. தெருவில் நடந்துபோகும் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு இருப்பதைவிட ஓர் அணுவளவு கூடுதலான அதிகாரத்தையும் சட்டம் வாசற்காவலருக்குக் கொடுக்கவில்லை. கடமைகள் மட்டும் பல மடங்காகின்றன. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் நீதிமன்றப் படியேறுகிறார்கள்.

கைது செய்வதையே எடுத்துக்கொள்வோம். 1984 ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச்சான்றுச் சட்டத்தின் 24ஏ பிரிவு, பாரதூரமான குற்றங்களின்போது எந்தக் குடிமகனும் ஒருவரைத் தடுத்துவைக்க அனுமதிக்கிறது. ஆனால் பொலிஸ் வந்து அதைச் செய்வது நடைமுறையில் இயலாமல் இருக்க வேண்டும், அந்த நபர் தப்பி ஓடுவதையோ யாருக்கும் காயம் ஏற்படுவதையோ தடுப்பது போன்ற ஒரு காரணமும் இருக்க வேண்டும். கெட்ட வார்த்தையால் திட்டினான், வரிசையில் முண்டினான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பலத்தைப் பயன்படுத்துவதும் அப்படியே. 1967 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 3 ஆம் பிரிவும், தற்காப்புப் பற்றிய பொதுச் சட்டமும் சொல்வது ஒரே அளவுகோல்தான்: அந்தச் சூழ்நிலையில் நியாயமான அளவு. எதிரில் இருப்பவர் கையைக் கீழே போட்ட பிறகு விழுகிற அடி தற்காப்பு ஆகாது, அவர் முன்பு எத்தனை அடி அடித்திருந்தாலும்.

சோதனை செய்வதற்கும் சம்மதம் வேண்டும். சோதனைக்கு உடன்படாதவரை உள்ளே விடாமல் இருக்கலாம்; பிடித்து வைத்துச் சட்டைப்பையில் கைவிட முடியாது. ஆண்களை ஆணும் பெண்களைப் பெண்ணும் சோதிப்பதே நடைமுறை என்பதால், பெண் காவலர் இல்லாத இரவில் பெண்களின் கைப்பையை அவர்களையே திறந்து காட்டச் சொல்வதற்கு மேல் நான் என்றுமே போனதில்லை.

வேலையின் பெரும்பகுதி "முடியாது" என்று சொல்வதுதான், அதைச் சொல்லும் விதத்தில்தான் அந்த இரவு எப்படிப் போகும் என்பது இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டம் நான்கு நோக்கங்களை முன்வைக்கிறது: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, அயலவருக்குத் தொல்லை ஏற்படாமல் பார்த்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். வாசலில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த நான்கில் ஒன்றோடாவது பொருந்த வேண்டும். குடிவெறியில் இருப்பவருக்கு மது விற்பது அந்தச் சட்டத்தின் 141 ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், தள்ளாடி வருபவரை உள்ளே விட்டால் உள்ளே பரிமாறும் பிள்ளையைத்தான் மாட்டிவிடுகிறோம். வெறிகொண்டோ கலகம் செய்துகொண்டோ இருப்பவர், வெளியேறச் சொன்ன பிறகும் தகுந்த காரணமின்றி மறுத்தால் 143 ஆம் பிரிவின்படி அவர் குற்றம் செய்கிறார். அவரை வெளியேற்ற நியாயமான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் "சொன்ன பிறகு" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காமலே தோளில் கைவைப்பவர்கள் அந்தச் சட்டத்தின் துணையை அந்த நொடியிலேயே இழந்துவிடுகிறார்கள்.

தோல் நிறத்தையோ மதத்தையோ மாற்றுத்திறனையோ பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்புவது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் தலையாட்டுவார்கள், ஏனென்றால் தாங்களே ஏதோ ஒரு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஆனால் "இன்று கறுப்பர் கூட்டம் அதிகம், கொஞ்சம் குறை" என்று மனேஜர் காதில் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கு அப்படி ஒரு முறை சொல்லப்பட்டது. நான் மறுத்தேன்; அடுத்த வாரம் அந்த இடத்தில் எனக்கு வேலை இருக்கவில்லை. அதை வீரமாகச் சொல்லவில்லை. கட்டளை எங்கிருந்து வந்தாலும், வாசலில் நின்று வாய் திறந்தவரும் பதில் சொல்ல வேண்டியவராகிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மனிதரைத் தரையில் பிடித்து வைப்பது பற்றிச் சற்று நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் உயிர் போவது பெரும்பாலும் குத்தாலோ உதையாலோ அல்ல. ஒருவரைக் குப்புறப் போட்டு, இரண்டு மூன்று பேர் முதுகிலும் தோளிலும் பாரத்தை வைத்து அழுத்தினால், நெஞ்சு விரிய இடமில்லாமல் அவர் மூச்சுத் திணறி இறக்கலாம். மது, போதைப்பொருள், பருத்த உடல், ஓடியும் சண்டையிட்டும் ஏற்பட்ட களைப்பு ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. கொடுமை என்னவென்றால், காற்றுக்காகத் திமிறுபவரைப் பார்ப்பவர்கள் அவர் எதிர்க்கிறார் என்று நினைத்து மேலும் அழுத்துகிறார்கள். "மூச்சு விட முடியவில்லை" என்று பேச முடிகிறதே, அப்படியானால் மூச்சு வருகிறதுதானே என்று வாதாடுபவர்களை வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். அது உயிர் குடிக்கும் மூடத்தனம். ஒருவர் தரைக்குப் போய்விட்டால், கூட இருப்பவர்களில் ஒருவருடைய ஒரே வேலை அவருடைய முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருப்பதாக இருக்க வேண்டும்; முடிந்த முதல் கணத்திலேயே அவரைப் பக்கவாட்டில் திருப்பி, பிறகு உட்காரவோ எழும்பவோ வைக்க வேண்டும்; திமிறல் திடீரென நின்றால் வெற்றி என்று எண்ணாமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல், முதலுதவித் தகுதி இல்லாமல் இந்தப் பயிற்சியில் சேர முடியாது என்று ஆனதை நான் மனதார வரவேற்றேன்.

வெளியேற்றுவதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதும் இதே அளவு ஆபத்தானது. பல வருடங்களுக்கு முன்பு, ஜனவரி மாதத்தில், கழிவறையில் வாந்தியெடுத்த ஓர் இளம்பெண்ணை என்னோடு நின்ற ஒருவர் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவளுடைய மேலங்கியும் கைத்தொலைபேசியும் நண்பர்களும் உள்ளே. சற்றுத் தள்ளி நின்றிருந்த ஒரு கார் மெதுவாக அவளருகே வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. போய்ப் பேசியதும் கார் போய்விட்டது. அந்த ஓட்டுநரின் நோக்கம் என்னவென்று எனக்குத் தெரியாது, ஒருவேளை உதவத்தான் வந்தாரோ என்னவோ. ஆனால் அன்றிலிருந்து, நிலை தடுமாறிய ஒருவரை வெளியேற்றும்போது அவர் யாரோடு, எதில், எங்கே போகிறார் என்று தெரியும்வரை என் பார்வையிலிருந்து விடுவதில்லை. வெறியில் இருக்கிறார் என்று நாம் நினைப்பவருடைய கிளாஸில் யாராவது எதையாவது கலந்திருக்கலாம்; தலையில் அடிபட்டிருக்கலாம்; சர்க்கரை நோயாளியின் சர்க்கரை இறங்கியிருக்கலாம். லிங்கன்ஷயரில் 2016இல் தொடங்கி நாடெங்கும் பரவிய "அஞ்சலாவைக் கேளுங்கள்" என்ற ஏற்பாடு நீங்கள் நிற்கும் இடத்தில் உண்டா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் வந்து அஞ்சலா எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்று பதில் சொல்லிவிடக் கூடாது. கூட வந்தவரிடமிருந்து தப்பிக்க உதவி கேட்கிறார் என்பதே அதன் பொருள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தோன்றுபவரிடம் அடையாள அட்டை கேட்பது பரவலான நடைமுறை. அட்டையைப் பார்ப்பதைவிட முகத்தைப் பாருங்கள், பிறந்த திகதியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கைப்பற்றிய போதைப்பொருளைச் சட்டைப்பையில் போடாதீர்கள். சாட்சியின் முன்னால் உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பதிவேட்டில் எழுதிப் பொலிஸிடம் சேர்க்க வேண்டும், இல்லையேல் அதை வைத்திருந்த குற்றம் உங்கள் தலையில் விழும். பலூனில் அடைத்து இழுக்கும் சிரிப்பு வாயுவும் 2023 நவம்பர் 8 முதல் சி வகுப்புப் போதைப்பொருள். அவசர வழிகளை ஒவ்வொரு இரவும் கையால் தள்ளித் திறந்து பாருங்கள். டப்ளினின் ஸ்டார்டஸ்ட் விடுதியில் 1981 பெப்ரவரி 14 அன்று மூண்ட தீயில் 48 பேர் இறந்தார்கள். பூட்டியும் மறித்தும் கிடந்த வெளிவாசல்கள் பற்றிய கேள்வி நாற்பது வருடங்களுக்கு மேல் நீடித்து, 2024இல்தான் மரண விசாரணை ஜூரிகள் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தார்கள். உள்ளே போவோரையும் வெளியே வருவோரையும் எண்ணும் கிளிக்கர் விளையாட்டுச் சாமான் அல்ல. 2022 டிசம்பரில் லண்டனின் பிரிக்ஸ்டன் அகாடமி இசையரங்கின் வாசல் நெரிசலில் இறந்த இருவரில் ஒருவர் அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்தவர்.

மான்செஸ்டர் அரீனா அரங்கில் 2017 மே 22 அன்று நடந்த குண்டுத் தாக்குதலில் 22 பேர் கொல்லப்பட்டது பற்றிய பகிரங்க விசாரணை வெளிப்படுத்திய ஒரு விடயத்தை, தோல் நிறம் பற்றி மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய முதுகுப்பையோடு இருந்த ஒருவர்மேல் சந்தேகம் கொண்ட ஒரு தந்தை அதை அங்கிருந்த பணியாளரிடம் சொன்னார். செய்தி எட்டிய இளம் காவலரோ, தான் நினைப்பது தவறாக இருந்தால் இனவாதி என்று பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சினார். வோக்கிடோக்கியில் கட்டுப்பாட்டறையைத் தொடர்புகொள்ள முயன்றும் முடியவில்லை. நிறத்தைப் பார்த்து விலக்கக் கூடாது என்பதும், நடத்தையைப் பார்த்து விசாரிக்கத் தயங்கக் கூடாது என்பதும் முரண்பட்டவையல்ல. "இங்கே என்ன செய்கிறீர்கள், உதவி வேண்டுமா?" என்று எந்த நிறத்தவரிடமும் கேட்கலாம். அந்தப் பேரழிவின் பின் எழுந்த "மார்ட்டின் சட்டம்" 2025 ஏப்ரலில் அரச ஒப்புதல் பெற்றுள்ளது. அது நடைமுறைக்கு வரும்போது, 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களுக்குத் தாக்குதல் நேரத் திட்டங்கள் கட்டாயமாகும்.

மாணவர் வீசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தத் துறையில் பல கம்பனிகள் ஆட்களைச் சுயதொழில் செய்பவர்களாகக் காட்டிச் சம்பளம் கொடுக்கின்றன. மாணவர் வீசாவில் சுயதொழிலுக்கு அனுமதியில்லை. பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலம் என்ற வரம்பும் உண்டு. வாசலில் ஒழுங்காக நின்றும், தாளில் போட்ட கையெழுத்தால் படிப்பையே இழக்கும் நிலை வரக்கூடும்.

கடைசியாக, எழுதி வைப்பது. மேலதிக அதிகாரம் ஏதும் இல்லாத ஒருவர், தான் செய்தது நியாயமானது என்று பின்னாளில் காட்ட வேண்டுமானால், எழுத்தைத் தவிர அவருக்கு வேறு துணையில்லை. சீசீடிவிப் பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடும். நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், எத்தனை முறை வெளியேறக் கேட்டேன், எங்கே பிடித்தேன், எவ்வளவு நேரம், எப்போது விட்டேன், அவர் எந்த நிலையில் போனார் ஆகிய அனைத்தையும் வீட்டுக்குப் போகுமுன் எழுத வேண்டும். நான் இதைக் கற்றது, வேலைக்கு வந்த இரண்டாம் வருடத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில். பதினொரு மாதங்களுக்கு முன்பு நான் வெளியேற்றிய ஒருவர் கை முறிந்ததாக வழக்குத் தொடுத்திருந்தார். அந்த முகம்கூட எனக்கு நினைவில்லை. பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பிவைத்தார்கள். என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "1.40, ஒருவர் வெளியேற்றப்பட்டார்."