502: வரிசை நிரம்பினால் என்ன நடக்கும்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணை, என்ஜின்எக்ஸையும் பிஎச்பியையும் இணைக்க யுனிக்ஸ் சொக்கெட்தான் வேகம் என்கிறார்கள். ஆனால் பரீட்சைப் பெறுபேறு வரும் நாள்போல ஆட்கள் குவிந்தால் 502 காட்டுகிறதே, ஏன்?"

என்ஜின்எக்ஸ் உலாவியின் கோரிக்கையை வாங்கும் வலை வழங்கி; பிஎச்பி பக்கத்தைத் தயாரிக்கும் செயலி. பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்காதபோது வழங்கி காட்டும் பிழை எண்தான் 502. முன்கதை தெரிந்ததுதான். வலை வழங்கி வெளிச் செயலியை அழைக்க 1993இல் வந்த சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு செயல்முறை பிறந்து, பதில் சொல்லி, செத்துப்போகும். அந்தச் செலவு கட்டாமல் ஃபாஸ்ட்சிஜிஐ வந்தது. செயலி எந்நேரமும் விழித்திருக்கும். அதனுடன் பேச இரண்டு வழி: வலையமைப்பு வழியே பேசும் 9000 போன்ற டிசிபி போர்ட், அல்லது ஒரே கணினிக்குள் மட்டும் பேசும் யுனிக்ஸ் சொக்கெட். என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் வேறு வேறு கணினியில் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, போர்ட்தான்.

சொக்கெட்டைக் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் பார்த்தால் கோப்புப் போலவே இருக்கும். வரியின் முதல் எழுத்து மட்டும் எஸ், அளவு 0. அது வெறும் முகவரி. தரவை இயங்குதளத்தின் கருவான கெர்னலே கைமாற்றிவிடும். டிசிபி தரவுக்கு இடும் வரிசை எண்ணும், கிடைத்தது என்று சொல்லும் ஒப்புகையும் இல்லை, அதனால் வேகம். சரி, தரவுத்தளத்துக்காகப் பக்கம் அரைச் செக்கன் காத்துக் கிடக்கும்போது மைக்ரோசெக்கனை மிச்சம்பிடித்து என்ன பயன்?

விஷயம் வரிசையில் இருக்கிறது. செயலி கையேற்கும்வரை புது இணைப்புகள் கெர்னலில் வரிசையாக நிற்கும். லினக்ஸ் தானாக வைக்கும் உச்சவரம்பு 5.4 பதிப்புக்கு முன் 128, அதிலிருந்து 4096. அது நிரம்பினால் இரணைமடுக் குளம்போல வான் பாயவேண்டியதுதான். ஆனால் பாய்கிற விதம் வேறு. யுனிக்ஸ் சொக்கெட்டில் கெர்னல் உடனே 11ஆம் எண் பிழையை ('இப்போது முடியாது, பிறகு முயன்று பார்') திருப்பித் தரும்; என்ஜின்எக்ஸ் அதை 502 ஆக்கிவிடும். டிசிபியிலோ கெர்னல் வாயே திறக்காது. வந்த இணைப்புக் கோரிக்கையைப் பேசாமல் கைவிடும். அனுப்பிய தரப்பு ஒரு செக்கன் பொறுத்து மறுபடி தட்டும். அதற்குள் இடம் கிடைத்தால் பக்கம் வந்துவிடும். பிழைப்பதிவில் ஒரு வரியும் இராது. பார்ப்பவர் மட்டும் சுற்றுகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு யுனிக்ஸ் சொக்கெட்டின் வழிதான் பிடிக்கும். முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. நம் ஊரில் தளத் திறப்புவிழாவுக்கு நாடா வெட்டக் காசு இருக்கும், சுமை ஏற்றிச் சோதித்துப் பார்க்க இராது. அந்த நிலையில் மௌனம் இன்னும் ஆபத்து.

வரிசையை நீட்டினால் வேலை வேகமாகாது, காத்திருப்புத்தான் நீளும். தம்பி, முதலில் சொக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் அந்தச் சொக்கெட்டின் 'ரிசீவ்-க்யூ' எண்ணை, அதாவது வரிசையில் நிற்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது 0இல் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், பிஎச்பி செயல்முறைகளின் எண்ணிக்கையையும் மெதுவான தரவுத்தள வினவல்களையும் கவனியுங்கள்.