அந்த விசாவில் உங்கள் பதவி என்ன?

வெளிநாடு போகும் நர்ஸ்களின் ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ஆஃபர் லெட்டரோடு வருகிறவர்களிடம் சம்பளத்தை நான் முதலில் கேட்பதில்லை. "இதில் உங்கள் பதவி என்னவென்று போட்டிருக்கிறது?" என்றுதான் கேட்பேன்.

2024 இறுதியில் ஒரு பெண் வந்தார். ஆறு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர். பிரிட்டன் விசா ரெடி என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். வாங்கிப் பார்த்தேன், தொழில் குறியீடு 6135. அது பராமரிப்புப் பணியாளருக்கு உரியது. நர்ஸ் என்றால் 2232 முதல் 2237 வரை ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். "முதலில் போய்ச் சேருங்கள், அங்கே நர்ஸாக மாறிக்கொள்ளலாம்" என்றாராம் ஏஜெண்ட். நர்ஸிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் எந்த ஊரிலும் அப்படி மாற முடியாது. 2025 ஜூலை 22 முதல் அந்தக் குறியீட்டில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது.

நீங்கள் நர்ஸ்தான் என்று சொல்வது கவுன்சில். நீங்கள் அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கலாம் என்று சொல்வது குடியேற்றத் துறை. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. ஏஜெண்டுகள் ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பித்தான்.

அமெரிக்கா இதற்கு நல்ல உதாரணம். அங்கே நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை பாஸ் செய்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்புறம்தான் உங்கள் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ், மருத்துவமனை உங்களுக்காகக் குடியேற்றத் துறையில் போடும் ஐ-140 மனு, கடைசியாக இ.பி-3 என்ற கிரீன் கார்டு பிரிவின் வரிசை. அந்த வேலைக்கு அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் லேபர் சான்றிதழ் நர்ஸ்களுக்குத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை வரிசையைக் குறைக்காது. பிறந்த நாட்டை வைத்துத்தான் வரிசை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது வருடக்கணக்கில் நீளும். வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினை நீங்களே பார்க்கலாம். ஆறு மாதத்தில் கிரீன் கார்டு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்டனில் விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை உரிமம் பெற்ற முதலாளி மட்டுமே தர முடியும். அந்தப் பட்டியல் அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் இருந்தாலும் போதாது, அந்த மருத்துவமனையின் சொந்த முகவரிக்கு மெயில் போட்டு வேலை உண்மையா என்று கேளுங்கள். நர்ஸாகப் பதிவு செய்வதற்கான ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வை அங்கே போய்த்தான் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முறை கொடுக்க வேண்டும், கவுன்சில் பதிவு முடிய 8 மாதம்தான் அவகாசம்.

வளைகுடா நாடுகளில் பிரச்சினை வேறு. டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் கல்லூரியையும் பழைய மருத்துவமனையையும் நேரடியாகத் தொடர்புகொண்டு சரிபார்க்கும். இரண்டு வருட அனுபவத்தை நான்காகக் காட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை இங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். ஜெர்மனி என்றால் மொழிதான் பெரிய வேலை, ஜெர்மன் மொழியில் பி1, பி2 நிலைகள் என்று ஒரு வருடமாவது ஒதுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். வேலை தேடித் தருவதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்படிக்கையில் உள்ள பொதுவிதி. தேர்வுக் கட்டணம் வேறு, அதை நீங்கள் கட்டலாம். ஒப்பந்தத்தில் "முன்கூட்டியே விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை" என்ற பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, மாதம் போகப் போகக் குறைகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடனுக்குப் பயந்தே மோசமான இடத்தில் மூன்று வருடம் இருந்தவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

முதலில் சொன்ன அந்த ஐ.சி.யூ. நர்ஸ் ஏஜெண்டிடம் கொடுத்த முன்பணம் திரும்ப வரவில்லை. ஆனால் அவர் அந்த விசாவில் போகவில்லை. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் மூன்று பகுதிகளில் பி, எழுத்துப் பகுதியில் சி பிளஸ் வாங்கிவிட்டார். பிரிட்டன் கவுன்சில் பதிவுக்கான கணினித் தேர்வும் முடிந்தது. போன வாரம் புது ஆஃபர் லெட்டரை அனுப்பினார். குறியீடு 2237.