அபுதாபிக்கு வருமா டிஸ்னி டைம்ஷேர்? பாயின்ட் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அட்லாண்டா பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பிப்ரவரி, மார்ச் வந்தால் சம்பளப் படிவம், வங்கி வட்டிப் படிவம் இவற்றோடு இன்னொரு தாளும் என் மேசைக்கு வருகிறது. டிவிசி என்று சுருக்கமாகச் சொல்லும் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின், அதாவது டிஸ்னியின் டைம்ஷேர் திட்டத்தின், ஆண்டுச் சந்தாக் கணக்கு. இங்கிருந்து ஆர்லாண்டோ ஒரு நாள் கார்ப் பயணம்தான், பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வீடுகளில் டிஸ்னி போகாத வருடமே கிடையாது, அதனால் இந்தத் தாள் வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்த வருடம் வந்த ஒரு தம்பதி இன்னும் வாங்கவில்லை, கோடையில் வாங்கலாம் என்று இருந்தார்கள். கணவர் கேட்டார்: "அண்ணா, அபுதாபில டிஸ்னி வருதாமே. இப்பவே பாயின்ட் வாங்கிட்டா, ஊருக்குப் போற வழியில அங்க நாலு நாள் தங்கிட்டுப் போகலாம்ல?" அவர் மனைவி ஏற்கெனவே ஒரு நோட்டில் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். எந்த வருடம் சென்னை, எந்த வருடம் ஆர்லாண்டோ, அபுதாபி திறந்த பிறகு எப்படி என்று பத்து வருடத்துக்கு. அந்த நோட்டைப் பார்த்ததும்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இல்லாத ஒரு ரிசார்ட்டை நம்பி, இருக்கும் பணத்தைக் கொடுக்க இருந்தார்கள்.

முதலில் இது என்ன சரக்கு என்று பார்த்துவிடுவோம். நீங்கள் வாங்குவது ஒரு குறிப்பிட்ட ரிசார்ட்டில் ஒரு துளிப் பங்கு. அந்தப் பங்குக்கு ஏற்ப வருடா வருடம் இத்தனை பாயின்ட் என்று வரும், அதை வைத்து அறை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம், மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் இருக்கும்போதுதான். பராமரிப்புக்கான சந்தா ஒவ்வொரு வருடமும் தனி. எல்லாவற்றையும்விட முக்கியம், இதற்கு முடிவுத் தேதி உண்டு. நிலம் என்றைக்கும் டிஸ்னியுடையதுதான். தேதி வந்தால் உங்கள் பங்கு காலாவதி, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்று சொல்வதெல்லாம் அந்தத் தேதி வரைக்கும்தான்.

ஒரு கணக்குக்குப் போட்டுப் பாருங்கள். 150 பாயின்ட், ஒரு பாயின்ட் 220 டாலர் என்றால் 33,000 டாலர். சந்தா பாயின்ட்டுக்கு 9 டாலர் என்று வைத்தால் வருடத்துக்கு 1,350, அதுவும் ஏறுமே தவிர இறங்குவது அபூர்வம். இதற்கு ஸ்டூடியோ அறையில் சீசனைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு வாரம் தங்கலாம். விமானம், பார்க் டிக்கெட், சாப்பாடு எதுவும் இதில் சேராது.

சரி, அடுத்து எங்கே வரும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு ஜோசியம் வேண்டாம், முப்பது வருடத்துக்கு மேலான வரலாறு கண்முன்னால் இருக்கிறது. 1991-ல் ஆர்லாண்டோவில், இன்று ஓல்ட் கீ வெஸ்ட் என்று சொல்லும் ரிசார்ட்டோடு ஆரம்பித்தார்கள். அப்போது அவர்களுக்கும் நம் நண்பரைப் போலவே பரந்த கனவுதான். 1995-ல் ஃப்ளோரிடா கடற்கரையில் வேரோ பீச், 1996-ல் தென் கரோலைனாவின் ஹில்டன் ஹெட் தீவு. இரண்டுக்கும் பக்கத்தில் டிஸ்னி பார்க் கிடையாது. இந்த வரிசை அப்படியே நாடு முழுக்கப் போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், போகவில்லை. அதன் பிறகு பார்க்கை விட்டு விலகிப் போய்க் கட்டிய டிவிசி ரிசார்ட் ஒன்றே ஒன்றுதான், 2011-ல் ஹவாயில் திறந்த அவுலானி. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் மேரிலாந்தின் நேஷனல் ஹார்பரில் 2009-ல் ஹோட்டலுக்கென்று நிலமே வாங்கினார்கள், 2011-ல் அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள்.

ஏன் என்பதற்கு வேரோ பீச் சந்தாவே பதில் சொல்லும். எல்லா டிவிசி ரிசார்ட்டுகளிலும் மிக அதிகமாகச் சந்தா வாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கடலோரம் என்பதால் புயல், காப்பீடு, உப்புக் காற்றில் பழுது பார்க்கும் செலவு எல்லாம் உண்டு. அதோடு, ஆர்லாண்டோவில் பெரிய ஹோட்டலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ரிசார்ட் என்றால் வேலையாட்கள், சமையலறை, நீச்சல் குளம் எல்லாச் செலவும் பகிர்ந்துவிடும். தனியாக இருக்கும் சின்ன ரிசார்ட்டில் அத்தனையும் அங்கே பங்கு வைத்திருக்கும் கொஞ்சப் பேர் தலையில்தான்.

அவுலானியிலும் ஒரு பாடம் இருக்கிறது, இது என் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஆண்டுச் சந்தாவைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். 2011-ல் அது தெரியவந்து விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி, சந்தாவை உயர்த்தி மறுபடி ஆரம்பித்தார்கள், முதலில் வாங்கியவர்களுக்கு மட்டும் மானியச் சந்தா கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஒரு புது இடத்தின் பராமரிப்புச் செலவை முன்கூட்டிக் கணிப்பது கஷ்டம் என்றால், ரிசார்ட்டே இல்லாத ஊருக்கு நோட்டில் நாம் போடும் கணக்கு எப்படி நிற்கும்?

2012-க்குப் பிறகு திறந்ததை எல்லாம் வரிசையாகப் பாருங்கள். கிராண்ட் ஃப்ளோரிடியன், பாலினேசியன், காப்பர் கிரீக், ரிவியரா, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள், எல்லாம் ஆர்லாண்டோ. 2023-ல் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், கலிஃபோர்னியாவின் அனஹைம். அதிலும் சில இடங்களில் புதிதாகக் கட்டாமல், இருக்கும் ஹோட்டலின் ஒரு பகுதியையே டைம்ஷேராக மாற்றினார்கள். காப்பர் கிரீக் என்பது வில்டர்னஸ் லாட்ஜ் ஹோட்டலின் ஒரு பகுதிதான். 2022-ல் கிராண்ட் ஃப்ளோரிடியனில் ஒரு முழுக் கட்டடத்தையே இப்படி மாற்றினார்கள். ஹோட்டல் அறையாக இருந்தால் ஒவ்வொரு இரவும் ஆள் பிடிக்க வேண்டும், டைம்ஷேராக விற்றால் நாற்பது ஐம்பது வருடத்துக்கான பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது, பராமரிப்பும் உறுப்பினர்கள் தலைக்குப் போய்விடுகிறது. ஆர்லாண்டோவில் மட்டும் சுமார் 25,000 ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவர்கள் வேறு ஊரில் இடம் தேடி ஏன் அலைய வேண்டும்?

இனி வரப்போவதாக அறிவித்திருப்பதும் அங்கேதான். ரிவர் கன்ட்ரி என்று ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா 2001-ல் மூடிப் பாழாகக் கிடந்ததே, அந்த ஏரிக்கரையில் 2018-ல் ஒரு ரிசார்ட் அறிவித்தார்கள், 2020-ல் கோவிட் வந்ததும் வேலை நின்றுபோனது. அதே இடம்தான் இப்போது லேக்‌ஷோர் லாட்ஜ் என்ற பெயரில் 2027-ல் திறக்கும் என்கிறார்கள். அறிவித்து, மரம் வெட்டி, வேலை ஆரம்பித்த திட்டமே இத்தனை வருடம் தள்ளிப்போகும் என்பதைக் கவனியுங்கள்.

அனஹைமில் 2024 மே மாதம் நகரசபை டிஸ்னியின் விரிவாக்கத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது, அங்கே பத்து வருடத்தில் குறைந்தது 1.9 பில்லியன் டாலர் போட வேண்டும். அதனால் அங்கே இன்னொரு டிவிசி கட்டடம் வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. ஆனால் ஒன்று, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களில் பாயின்ட் கொடுத்துத் தங்கினாலும் நகரத்தின் தங்கும் வரியை ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்ட வேண்டும். சந்தா கட்டியாயிற்றே, இது என்ன என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கோட்டினோ. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் டிஸ்னி பெயரோடு வீடுகள் விற்கிறார்களே, அதைச் சிலர் டிவிசி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது குடியிருக்க வாங்கும் வீடு, பாயின்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது நண்பரின் அபுதாபி. 2025 மே மாதம் அறிவித்தார்கள், யாஸ் தீவில் வரும். ஆனால் அந்த அறிவிப்பிலேயே விஷயம் இருக்கிறது: கட்டுவதும் முதலீடு போடுவதும் நடத்துவதும் மிரால் என்ற அபுதாபி நிறுவனம், டிஸ்னி பெயரையும் வடிவமைப்பையும் கொடுத்து உரிமத் தொகை வாங்கிக்கொள்ளும். தோக்கியோவும் அப்படித்தான், ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. ஷாங்காயில் பெரும்பங்கு சீன அரசு நிறுவனக் குழுவுக்கு, ஹாங்காங்கில் அங்குள்ள அரசுக்கு. பாரிஸ் மட்டும் 2017 முதல் முழுக்க டிஸ்னி கையில். டைம்ஷேர் விற்க வேண்டுமென்றால் நிலத்தின் மேல் நீண்ட கால உரிமை எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஊர்ச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அடுத்தவர் நிலத்தில் நிற்கும் ஹோட்டலை டிஸ்னி எப்படித் துண்டு போட்டு விற்கும்? 1983-ல் திறந்த தோக்கியோவில் இன்றுவரை ஒரு டிவிசி கட்டடம்கூட இல்லை. வெளிநாட்டில் எங்காவது வரும் என்றால் பாரிஸுக்குத்தான் கொஞ்சம் வாய்ப்பு என்பது என் எண்ணம், அங்கேயும் ஐரோப்பிய டைம்ஷேர் விதிகள் கடுமையானவை, வாங்கியவருக்கு மனம் மாற 14 நாள் கொடுத்தே ஆக வேண்டும், அந்த நாட்களில் முன்பணமே வாங்கக் கூடாது.

நிஜமாகவே பெரிய விரிவாக்கம் எங்கே என்று கேட்டால் நான் காட்டுவது ஊரை அல்ல, ஒரு தேதியை. 2042 ஜனவரி 31. ஓல்ட் கீ வெஸ்ட், போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ், வேரோ பீச், ஹில்டன் ஹெட், இந்த ஆறு ரிசார்ட்டுகளின் ஒப்பந்தமும் அன்றைக்கு முடிகிறது (ஓல்ட் கீ வெஸ்டில் மட்டும் முன்பு பணம் கட்டி 2057 வரை நீட்டித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்). போர்டுவாக்கிலிருந்தும் பீச் கிளப்பிலிருந்தும் எப்காட் என்ற டிஸ்னி பார்க்குக்கு நடந்தே போகலாம். அப்படிப்பட்ட இடம் மொத்தமாகத் திரும்பக் கைக்கு வந்தால் இடித்தோ புதுப்பித்தோ மறுபடி முதலிலிருந்து விற்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அபுதாபியைவிட இதைத்தான் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆறு இடங்களின் பங்குகள் ரீசேலில், அதாவது பழைய உறுப்பினர் விற்கும்போது, மலிவாகக் கிடைக்கும், மலிவுக்குக் காரணம் தேதிதான்.

ரீசேல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், என்னிடம் வருபவர்களில் அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். 2019 ஜனவரி 19 முதல் விதி மாறிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பழைய உறுப்பினரிடமிருந்து வாங்கினால், அப்போதிருந்த 14 ரிசார்ட்டுகளில் மட்டும்தான் அந்தப் பாயின்ட் செல்லும். ரிவியரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் மூன்றும் கிடையாது. ரிவியராவையே ரீசேலில் வாங்கினால் ரிவியராவில் மட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சரடோகா ஸ்பிரிங்ஸ் பாயின்ட்டை நல்ல விலைக்கு வாங்கிவிட்டு, ரிவியராவுக்கு அறை தேடியபோதுதான் இதைத் தெரிந்துகொண்டது. விற்ற தரகர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பாலினேசியனில் 2024 டிசம்பரில் திறந்த புதுக் கோபுரத்தைப் பழைய பங்குதாரர் சங்கத்திலேயே சேர்த்துவிட்டதால் அங்கே தங்க முடிகிறது என்பது அவர்களுக்கு ஒரு ஆறுதல். ஆக, கிளப் எங்கே வளர்ந்தாலும் அந்த வளர்ச்சி உங்கள் பாயின்ட்டுக்கும் சேரும் என்று நினைக்க முடியாது. நேரடியாக வாங்கியவருக்கும் புது ரிசார்ட் 7 மாத வரிசையில்தான், அங்கே பங்கு வாங்கியவர்கள் 11 மாதத்திலேயே கிறிஸ்துமஸ் விடுமுறையைப் பிடித்து முடித்திருப்பார்கள்.

வரி பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. சந்தாவில் சொத்து வரிப் பகுதி மட்டும் கழிவுக்குத் தகுதி பெறலாம், ஆனால் எல்லோருக்கும் பொதுவான நிலைக் கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கும் குடும்பத்துக்கு அதனால் ஒரு டாலர்கூடக் குறையாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய டைம்ஷேரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. ஆனால் பாயின்ட்டை வாடகைக்கு விட்டு வந்த பணம் வருமானம், காட்டியாக வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்கள் தேதியைப் பாருங்கள். ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாள் அவகாசம் உண்டு, கையெழுத்திட்ட நாள் அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், எது பிந்தியதோ அதிலிருந்து வார இறுதியும் சேர்த்து எண்ண வேண்டும். எழுத்துமூலம் ரத்துச் செய்ய வேண்டும், அதற்கான முகவரி ஒப்பந்தத்திலேயே இருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அபராதமும் கிடையாது. கலிஃபோர்னியாவில் 7 நாள்தான்.

அந்தத் தம்பதியிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அபுதாபியை அந்த நோட்டிலிருந்து அடித்துவிட்டு, இன்றைக்கு இருக்கும் ரிசார்ட்டுகளில் எது முடிவுத் தேதி வரை வருடா வருடம் போனாலும் உங்களுக்குச் சலிக்காது? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனைவி மட்டும் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின் என்றார், பிள்ளைகளுக்கு அந்தக் காடு பிடிக்குமாம், சமைத்துக்கொள்ள அடுப்பும் இருக்கிறது. ஆனால் அதற்கும் உடனே வாங்கவில்லை. இந்த டிசம்பருக்கு ஒரு உறுப்பினரிடம் பாயின்ட்டை வாடகைக்கு எடுத்து அங்கே தங்கிப் பார்க்கப் போகிறார்கள். அபுதாபி இருந்த பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை.